அக்கி எழுதிய கன்னம்

ஜூன் 8, ஞாயிறு

மாவுக்குப் போடுகிற பூலாங்கிழங்கு இன்னும் காயவில்லை. இரண்டு நாளாக வானம் மூடிக் கிடக்கிறது, மழையும் பெய்து தொலைக்க மாட்டேன் என்கிறது. ஆவாரம்பூவை மட்டும் அரைத்துச் சலித்து வைத்தோம்.

சாயங்காலம் வழக்கம்போல நேரலை. அவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் மில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நலங்கு மாவைக் குழைத்துக் கன்னத்தில் பூசிக் காட்டினேன். "க்ரீம் கெடையாதுங்க, பார்லர் கெடையாதுங்க, எங்க வீட்டுக்காரரு அரைக்கற மாவு மட்டுந்தானுங்க" என்று அதே பாட்டு. கவுந்தப்பாடியிலிருந்து கனடா வரைக்கும் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மாவு வாங்குகிறார்கள்.

நடுவில் ஒருத்தி கமெண்ட் போட்டாள்: "அக்கா, கவர்ல இருக்கறது உங்க பொண்ணா?"

மாவுக் கவரில் இருப்பது நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், மாவு தொடங்கிய புதிதில் 'கலாமணி நலங்கு மாவு' என்று என் பெயரையே வைத்து, என் போட்டோவையே அச்சடித்துவிட்டார். அப்போது கன்னம் பன் மாதிரி இருந்தது. எங்களுக்குப் பெண்ணும் இல்லை பையனும் இல்லை; மில்லும் மாவும்தான்.

அவர் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை அணைத்த பிறகு அவர் சிரிக்கவில்லை. என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம் புள்ளே, தெனமும் பூசறயா இல்லியா?"

"பூசாம என்னுங்க?"

"பூசுனா இப்புடிக் கோடு விழுவாதே."

மில்லில் பெல்ட் அறுந்தால் ஒரு பார்வை பார்ப்பார், அதே பார்வை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தெட்டு வயதில் கோடு விழாமல் கோலமா விழும்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. இந்த மாவின் மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கை சென்னிமலை முருகன் மேல்கூட இல்லை. தினமும் பூசத்தான் செய்கிறேன். அதைச் சொன்னால் மாவு பொய் என்று ஆகிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

கண்ணாடியில் நன்றாகப் பார்த்தேன். மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை ஒரு கோடு, இரண்டு பக்கமும். சிரித்தால் பரவாயில்லை. சிரிக்காமல் இருக்கும்போதுதான் யாரையோ வைதுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ஈரோட்டில் ஒரு கிளினிக் இருக்கிறது. செல்போன் கடைக்கு மேல் மாடி. அவர்கள் வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. போன் பண்ணினேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

இவரிடம், கவர் அச்சகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நானும் வாரேன்" என்றார். "பூலாங்கிழங்க யாருங்க பாத்துக்கறது?" என்று கேட்டு வாயை அடைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஆயிற்று.

அந்தப் பெண் பெயர் ஷர்மிளா. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். டாக்டரா என்று கேட்க வாய் வரவில்லை. கோட்டைப் பார்த்தால் கேட்கத் தோன்றுமா? கன்னத்தில் மரத்துப் போகிற க்ரீமைப் பூசி உட்கார வைத்துவிட்டு, விவரம் சொன்னாள்.

"இது ஃபில்லர் அக்கா. ஜெல்லு. நம்ம தோலுக்குள்ள இயற்கையாவே இருக்குற சமாச்சாரந்தான். வயசானா அது கொறைஞ்சு போயிடும், அதான் தோல் உள்ள விழுந்து கோடாத் தெரியுது. நாங்க அந்தப் பள்ளத்துக்கு அடியில ஜெல்லை வெச்சு மேல தூக்கி விடுவோம். ஒரு வருஷம் நிக்கும், அப்புறம் தானாக் கரைஞ்சுரும்."

"பின்னால ஏதாச்சும் ஆவுமா கண்ணு?"

"கொஞ்சம் வீங்கும். ரத்தம் கட்டுன மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும். சினிமாக்காரங்க எல்லாம் மத்தியான சாப்பாட்டு நேரத்துல வந்து போட்டுட்டுப் போறாங்க, நீங்க வேற."

இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம், மூக்கோரத்தில் ஊசி இறங்கியபோது சுரீர் என்றது. மரத்துப்போன இடத்தில் அப்படி வலிக்குமா? "அம்மா!" என்று கத்திவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. ஷர்மிளா ஒரு நொடி கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு, "ஊசி அழுத்தம்க்கா, ஒண்ணுமில்ல" என்று ஐஸ் வைத்து, மீதியையும் ஏற்றிவிட்டாள்.

ஆனால் கோடு போய்விட்டது! நிஜமாகவே போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் பேக்கரிக் கண்ணாடியில் பார்த்தேன், பஸ்ஸில் டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். கவரில் இருப்பவள் திரும்பி வந்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியா? நாஞ் சொன்னன்ல? நாலு நாளு ஒழுங்காப் பூசுனதுக்கே எப்புடி இருக்குது பாரு!"

"ஆமாங்க" என்றேன்.

வலது பக்கம் வலி இருக்கிறது. பல்வலி மாதிரி.

ஜூன் 13, வெள்ளி

காலையில் வலது மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரைக்கும் ஊதா நிறத்தில் மீன் வலை விரித்த மாதிரி இருக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. இடது பக்கம் அழகாக இருக்கிறது.

ஷர்மிளாவுக்குப் போன் பண்ணினேன். "வீக்கம்தான்க்கா, ஐஸ் வைங்க, நல்லா வைங்க" என்றாள். போட்டோ அனுப்பச் சொல்லவில்லை. ஐஸ் வைத்தால் வலி உயிர் போகிறது. அவர் கண்ணில் படாமல் இருக்க நாள் முழுக்க மாவைக் குழைத்து அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒரே பெருமை. எனக்கு அந்த மாவு வாசனையே குமட்டியது.

கஸ்தூரி மஞ்சள் அரைத்தோம்.

ஜூன் 14, சனி

கொப்புளம் வந்துவிட்டது. சின்னச் சின்னதாக, உள்ளே வெள்ளையாக, மூக்கின் ஓரத்திலும் உதட்டுக்கு மேலேயும் கொத்தாக. இனி மாவு அப்பி மறைக்க முடியாது.

மறைக்க நேரமும் இல்லை. தெய்வானை நங்கையா தயிர் வாங்க வந்தார். இவருடைய அக்கா, எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் மூக்கை நுழைப்பவர். என்னைப் பார்த்ததும் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன அம்மிணி இது? அட, அக்கி!"

"அக்கியா?"

"பின்னென்ன? ஒத்தப் பக்கமா, கொத்துக் கொத்தா? எரியுதா?"

"எரியுதுங்."

"அக்கியேதான். ஏன்டா சென்னியப்பா, பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தியா? வெய்யில்ல ஸ்டூலப் போட்டு ஒக்கார வெச்சு மாவப் பூசு மாவப் பூசுன்னு சொன்னியே, சூடு ஏறி அக்கி கெளம்பிருக்குது பாரு."

அவர் ஓடி வந்தார். பதறிப் போனார், பாவம். "சூட்டுலயா புள்ளே? எஞ் சூட்டுலயா?" என்று மில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அக்கியாத்தான் இருக்கோணும்" என்று வந்துவிட்டது. நானாக அக்கி என்று சொல்லவில்லையே, அவர்களாகச் சொன்னார்கள். தெய்வானை நங்கையாவுக்கு எத்தனை பேருக்கு அக்கி பார்த்த அனுபவம்! ஒரு வேளை அக்கியாகவே இருந்தாலும் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ரங்கண்ணன் வந்தார். மண் சட்டி, அடுப்பு எல்லாம் செய்கிறவர். இந்தச் சுற்று வட்டாரத்தில் யாருக்கு அக்கி வந்தாலும் அவர்தான் எழுதுவார். கையில் காவிக்கல், ஒரு கிண்ணம், கோழி இறகு. வாசலிலேயே கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்.

"கண்ண மூடிக்குங்க அம்மிணி. கூசுச்சுன்னா சிரிக்கக் கூடாது, சிங்கத்துக்கு வால் கோணிக்கும்."

"மூஞ்சில சிங்கம் வரையறீங்களாண்ணா?"

"அக்கிக்கு சிங்கத்தக் கண்டாத்தான் பயம். உங்க மூஞ்சில எடம் பத்தாது, தலைய மட்டும் போட்டுர்றனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மூன்று நாளில் சிரித்தது அப்போதுதான். காவி சில்லென்று இருந்தது. மூக்கோரம், உதடு, கன்னம் எல்லாம் சிவப்பாக எழுதினார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. மூன்று நாள் எழுத வேண்டும், தண்ணீர் படக்கூடாது, புளி ஆகாது, எண்ணெய் ஆகாது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா ரங்கண்ணா?" என்று இவர் கேட்டார்.

"போறதுன்னாப் போங்க. ஆனா அக்கிக்கு ஊசி கீசின்னு போட்டுக்க வேண்டாமுங்க. எழுதுனா எறங்கிரும்."

இவர் என்னைப் பார்த்தார். "போலாமா புள்ளே?" நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். டாக்டர் என்றால் கேள்வி கேட்பார்.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது நாள் எழுதினார். வலி குறையவில்லை. ஷர்மிளா போனை எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது நாள். இன்று வலி இல்லை. "பாத்தீங்களா, எறங்கிருச்சு" என்று ரங்கண்ணனுக்குச் சந்தோஷம். வாழைப்பழமும் வெற்றிலையும் கொடுத்து அனுப்பினோம்.

வலி இல்லை என்றேனே, அந்த இடமே இல்லாத மாதிரி இருக்கிறது. காபி குடித்தால் உதட்டோரம் வழிகிறது, வழிவது தெரியவில்லை. காவிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஷர்மிளாவின் போன் அணைத்துக் கிடக்கிறது.

ஜூன் 18, புதன்

காலையில் வெந்நீரில் காவியைக் கழுவினேன். நானே வீறிட்டு அலறியதைப் பிறகு இவர் சொல்லித்தான் தெரிந்தது. மூக்கின் ஓரம் கறுத்துப்போயிருந்தது. சட்டியில் அடிப்பிடித்த மாதிரி. மேலுதட்டில் ஒரு கறுப்புத் தீவு.

கோயமுத்தூர். இவர் தெரிந்தவர் காரைப் பிடித்து வந்தார், வழியெல்லாம் என் கையை விடவில்லை. தோல் டாக்டர் பெயர் மெஹருன்னிசா. என்னைவிடச் சின்னவர். விரலால் கறுப்பைச் சுற்றி அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"முகத்துல ஏதாவது ஊசி போட்டீங்களா?"

இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அதெல்லாம் இல்லீங்க டாக்டரு. அவ மாவத் தவிர ஒண்ணும் போடமாட்டா. அக்கி எழுதுனோம்" என்று அவரே பதில் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதி இவரிடம் கொடுத்து, கீழே போய் மருந்து வாங்கி வரச் சொன்னார். கதவு மூடியதும் நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. அக்கி நரம்பு போற வழியில வரும். இது ரத்தக்குழாய் போற வழியிலயே வந்திருக்கு. எனக்கு நிஜம் தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுரீர் என்றது, வெளுத்தது, ஐஸ் வைத்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேப்பரில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தோலுக்கு அடியில் போக வேண்டிய ஜெல், ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் குழாயை நம்பியிருக்கிற தோலுக்கு ரத்தம் இல்லை. வெளுக்கும், வலை மாதிரி ஊதா ஓடும், கொப்புளம் வரும், சாகும்.

"இதைக் கரைக்கறதுக்கே ஒரு மருந்து இருக்கு. அதையும் ஊசியாத்தான் போடணும். வெளுத்த உடனே போட்டிருந்தா ஒரு தழும்புகூட இருந்திருக்காது. நல்லாத் தெரிஞ்ச டாக்டர்கள் அந்த மருந்தைப் பக்கத்துல வெச்சுக்காம ஃபில்லரைத் தொடவே மாட்டாங்க. ஐஸ் வெச்சது இன்னும் தப்பு, இருக்குற கொஞ்ச ரத்தமும் சுருங்கிடும். வெதுவெதுப்பா ஒத்தடம் குடுத்துருக்கணும்."

"இப்பப் போட்டா?"

"போடுவோம். சாகாம ஒட்டிக்கிட்டு இருக்கறதைக் காப்பாத்தலாம். செத்ததைக் காப்பாத்த முடியாதும்மா." பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதே ஜெல் கண்ணுக்குப் போற குழாய்க்குள்ள போயிருந்தா இந்நேரம் பார்வை போயிருக்கும். கண்ணு தப்பிச்சுது" என்றார்.

காவி பூசாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமையே நிறம் காட்டிக் கொடுத்திருக்கும் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். காவி பூசச் சொல்லி உட்கார்ந்தது நான்.

"எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லாதீங்க டாக்டரு" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

இவர் மருந்துப் பையோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

ஜூன் 20, வெள்ளி

நேற்றும் இன்றும் ஊசி. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். இடது பக்கத்து ஜெல்லையும் கரைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டார். கரைத்துவிடுங்கள் என்றேன். கோடு திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது ஏனோ ஒரு தெம்பு.

இவர் ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுக்கிறார். கேட்கிறவர்களிடமெல்லாம், "அக்கிதானுங்க, சீழ் வெச்சிருச்சு" என்று சொல்கிறார்.

ஜூன் 26, வியாழன்

வீடு. மூக்கின் வலது மடலில் கொஞ்சம் போய்விட்டது. எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு குறை. உதட்டில் புண் காய்ந்து இழுக்கிறது; 'ப' சொன்னால் காற்று போகிறது. பிளாஸ்டர் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, காதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டிப் பார்க்கலாமாம்.

தெய்வானை நங்கையா வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய மூக்கை.

ஜூன் 28, சனி

இவர் ரங்கண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது, நங்கையாதான் வந்து சொன்னார். சூளை முன்னால் நின்று, "என்ன எழவக் கல்லுல கலந்து பூசுன? என்ற பொண்டாட்டி மூக்கு போயிருச்சுடா!" என்று ஊர் கேட்கக் கத்தினாராம். கிண்ணத்தைத் தட்டிவிட்டாராம். ரங்கண்ணன் குனிந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

"நல்லாக் கேட்டான் என்ற தம்பி" என்று நங்கையா.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன். வாய்தான் சரியாக அசையவில்லையே, என்னத்தைப் பேசுவது?

ஜூலை 3, வியாழன்

ரங்கண்ணன் வந்தார். இவர் இல்லாத நேரம் பார்த்து வந்தாரா, தெரியவில்லை. வாசல்படியில் ஏறாமல் நின்றார்.

"பாக்கலாம்னு வந்தனுங்க அம்மிணி."

"உள்ள வாங்கண்ணா."

"வேண்டாமுங்க." என் பிளாஸ்டரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அதே பள்ளத்துக் காவிதானுங்க. எங்கப்பன் எடுத்த எடந்தான். கையில ஏதோ தப்பு வந்துருச்சு. எனக்கே தெரியலீங்க."

"உங்க கையில ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்றேன். சொல்லிவிட்டேன் பார், இந்த அளவுக்காவது.

"இல்லீங்க அம்மிணி. சிரிக்காதீங்கன்னு சொல்லி நானே சிரிக்க வெச்சன். வெளையாட்டா எழுதிப்போட்டன். இனி எழுதறதில்லீங்க. நேத்துக்கூட ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வந்தாங்க, மாட்டேன்னு அனுப்பிச்சுட்டன்."

போய்விட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். பாவி நான். வேறென்ன சொல்ல?

ஜூலை 6, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, இவர் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அது அக்கி இல்லீங்க."

"என்னது?"

சொன்னேன். ஈரோடு, மாடி, ஜெல், ஊசி. டாக்டரிடம் சொன்னதைவிட இவரிடம் சொல்வது எத்தனையோ மடங்கு கஷ்டம். இவர் சல்லடையைக் கீழே வைக்கவே இல்லை. கோபப்படுவார், கையை ஓங்குவார், 'ரங்கண்ணன வைய வெச்சுட்டியே' என்று கத்துவார் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன்.

ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப மாவு ஒண்ணும் பண்ணுலியா?"

"மாவு நல்ல மாவுதானுங்க. தோலு சுத்தமாயிருக்குது. கோட்டுக்கு அது ஆவாதுங்க. கோடு உள்ள இருந்து வருதுங்க."

"எட்டு வருசமா?"

"எட்டு வருசமாத்தானுங்க."

எழுந்து போய் மில்லை ஓட விட்டார். உள்ளே அரைக்க ஒன்றும் போடவில்லை. வெறும் கல் சுற்றுகிற சத்தம் சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 7, திங்கள்

பேசவில்லை. தோசை இரண்டு சாப்பிட்டார்.

ஜூலை 9, புதன்

காபி டம்ளரை வைத்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அக்கின்னே இருக்கட்டும் புள்ளே."

புரிந்தது. புரியாத மாதிரி, "எது?" என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் அக்கின்னு தெரிஞ்சுபோச்சு. இனி மாத்திச் சொன்னா, கலாமணியே ஊசி போட்டுக்கிட்டாளாம்னு ஆயிரும். அப்பறம் மாவ எவ வாங்குவா?"

"ரங்கண்ணன் என்னுங்க பண்ணுவாரு?"

"அவனுக்குச் சட்டி பானை இருக்குது. நமக்கு என்ன இருக்குது?"

நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் அவர் குரலில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் கல்யாணம் பண்ணி வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை.

நானும் டாக்டரிடம் இப்படித்தானே கெஞ்சினேன்? சரி என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூலாங்கிழங்கு காய்ந்துவிட்டது. ஆடிக் காற்று முன்னாலேயே கிளம்பிவிட்டது, தூசி தாங்கவில்லை.

சாயங்காலம் நேரலை வைத்தோம், ஒரு மாதத்துக்குப் பிறகு. இவரே ஸ்டூல் போட்டார். நான் உட்கார்ந்ததும் கிட்டே வந்து, ஒரு விரலை என் தாடையில் வைத்து, முகத்தை இடது பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பினார். மெதுவாகத்தான் திருப்பினார். "ம், சொல்லு" என்றார்.

சொன்னேன். உதடு இழுத்ததால் பாதி வார்த்தை காற்றாகப் போனது. ஆனாலும் பிளாஸ்டர் தெரிந்துவிட்டது. "அக்கா என்னாச்சு", "அக்கா மூக்குல என்ன" என்று வரிசையாக வந்தது. இவர் போனுக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார்.

"அக்கி வந்துச்சுங்க" என்றேன். "எழுதுனேன். கொஞ்சம் பழுத்துப்போச்சு. இப்பப் பரவால்லீங்க."

கைகூப்புகிற படங்களாக வந்து குவிந்தன. அழாதீங்க அக்கா, மாரியாத்தா பாத்துக்குவா, சீக்கிரம் குணமாயிரும். அதோடு விட்டிருந்தால் போதும். ஒருத்தி எழுதினாள்: "அக்கியெல்லாம் சும்மா. இந்த மாவு ஒத்துக்காமதான் மூஞ்சி வெந்துபோச்சுன்னு நெனைக்கிறேன். யாரும் வாங்காதீங்க." அதற்குக் கீழே இன்னொருத்தி: "எனக்கும் அரிச்சுது." இன்னொருத்தி: "உண்மையா அக்கா?"

இவர் அவற்றை வாசிக்கவில்லை. ஆனால் போன் ஆடியது.

"மாவு இல்லீங்க" என்றேன். "மாவு மேல சத்தியமா மாவு இல்லீங்க. காவியில என்னமோ கலந்து பூசிட்டாங்க. அதுல வந்த வினைதானுங்க இது."

உடனே கேட்டார்கள். "யாருக்கா அது? சொல்லுங்க, நாங்களும் போகாம இருக்கோம்."

இவர் போனைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். சொல்லாமலேயே முடித்திருக்கலாம், அவர் அணைக்கத்தான் போனார்.

நான் ரங்கண்ணன் பெயரைச் சொன்னேன். ஊரையும் சேர்த்துச் சொன்னேன். புரியவில்லை என்று ஒருத்தி எழுதினாள். உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன்.